கழுகைக் கண்டவரும் பருந்தைப் பேணியவரும்

பேசும்படக் கொட்டகைக்குள் கால் வைப்பதே பிழை என்று கருதிய ஒரு தலைமுறை நம் இல்லங்களில் வாழ்ந்தது. என் தந்தையாரும் அத்தலைமுறையைச் சேர்ந்தவரே. ஆயினும் அவர் தமக்கென ஒரு விலக்கு வைத்திருந்தார். கதைப்படம் தொடங்குமுன் காட்டப்படும் அரசாங்கச் செய்திப்படத்தைப் பார்ப்பதில் குற்றமில்லை என்பது அவருடைய தீர்ப்பு. ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ எங்களை அழைத்துச் செல்வார். முழுக் கட்டணம் கொடுத்துச் சீட்டு வாங்குவார். அணைக்கட்டும் வெள்ள நிவாரணமும் குடியரசு நாள் அணிவகுப்பும் திரையில் ஓடி முடிந்ததும், "எழுந்திருங்கள்" என்பார். அரை மணி நேரத்தில் வீட்டில் இருப்போம். "இது நடந்தது, இனி வரப்போவது நடக்காதது" என்பதே அவர் சொன்ன காரணம். கொட்டகைக்காரர் எங்களைப் பற்றி என்ன எண்ணினாரோ, அறியேன்.

அந்தச் செய்திப்படங்களை எடுத்தது 1948இல் இந்திய அரசு நிறுவிய ஃபிலிம்ஸ் டிவிஷன். அவற்றைத் திரையிடுவது ஒவ்வொரு கொட்டகைக்கும் உரிமத்தின் நிபந்தனையாக இருந்தது. மக்கள் அவற்றைச் சுருட்டுப் பிடிக்கும் இடைவேளையாகவே கொண்டனர். ஆனாலும் அதே நிறுவனத்துக்காக ஓவியர் எம்.எஃப். ஹுசைன் எடுத்த ஒரு சிறு படம் 1967இல் பெர்லின் விழாவில் பொற்கரடிப் பரிசு பெற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் அந்நிறுவனம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுத் தன் தனிப்பெயரை இழந்தது.

தந்தையார் சொன்னது பாதிதான் உண்மை என்பதை நான் பிற்பாடு உணர்ந்தேன். ஆவணப்படம் நடந்ததைக் காட்டுகிறது; ஆனால் நடந்தவற்றுள் எதைக் காட்டுவது, யார் பக்கம் நின்று காட்டுவது என்பதை ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். சாட்சி சொல்பவன் எங்கே நின்று பார்த்தான் என்று காழியார் முதலில் கேட்பதுபோல, நாமும் கேட்க வேண்டியிருக்கிறது. முஸ்லிம்களாகிய நமக்கு அந்தக் கேள்வி வெறும் கலைக் கேள்வி அன்று. நம் தெருவையும் தொழுகையையும் தாய்மாரையும் கேமராக்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகின்றன. பெரும்பாலும் அவை நம்மை அஞ்சத்தக்கவராகவோ இரங்கத்தக்கவராகவோ மட்டுமே கண்டன.

அண்மை ஆண்டுகளில் வந்த சில ஆவணப்படங்களை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். அவற்றுக்கு முன்பு, அளவுகோலாக, நம் ஊரோடு தொடர்புடைய பழைய படம் ஒன்று.

பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1968இல் ஒளிப்பதிவாளர் ஒருவர், ஒலிப்பதிவாளர் ஒருவர் ஆகிய இருவரோடு மட்டும் இந்தியாவில் பல மாதங்கள் சுற்றினார். அவ்வாறு எடுத்தவற்றை ஏழு பகுதிகளாகத் தொகுத்து, 'மாய இந்தியா' எனப் பொருள்படும் பெயரில் 1969இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்கு அளித்தார். இரண்டாம் பகுதி முழுவதும் சென்னை. ஆறாம் பகுதியில் நம் புதுச்சேரியின் அரவிந்தர் ஆசிரமம் வருகிறது. முல்லா வீதியையும் காஜியார் வீதியையும் அதில் தேடினால் கிடைக்கமாட்டா. பிபிசி அப்படத்தை ஒளிபரப்பியபோது இந்திய அரசு கொதித்தெழுந்தது. 1970இல் அந்நிறுவனத்தின் தில்லி அலுவலகம் மூடப்பட்டது. வறுமையை மட்டும் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. அது முழு நியாயம் அன்று. மால் தம் பார்வையின் குறையைத் தாமே ஒலிப்பகுதியில் ஒப்புக்கொண்டபடி செல்கிறார். முதற்பகுதிக்கு அவர் இட்ட தலைப்பே 'இயலாத கேமரா' என்பது.

அந்த முதற்பகுதியில் மறக்கவியலாத ஒரு காட்சி. செத்த எருமையைக் கழுகுகள் கூட்டமாகக் கொத்தித் தின்கின்றன. நாய்கள் காத்து நிற்கின்றன. நீண்ட நேரம் கேமரா அதை விட்டு அகலவில்லை. தமக்குப் பெரும் நாடகமாகத் தோன்றிய அது இந்நாட்டாருக்கு அன்றாடம் என்று மால் உணர்கிறார். உணர்ந்தும் அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை. கழுகு அவருக்கு ஒரு சின்னம்; இந்தியா என்னும் புதிரின் சின்னம்.

அந்தக் கழுகுகள் இன்று எங்கே? மாடுகளின் வலிக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே கழுகின் சிறுநீரகத்தை அழித்தது. 1990களில் தொடங்கிய அந்த அழிவில் சில கழுகினங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் மறைந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் தில்லி போன்ற நகரங்களின் குப்பை மேடுகளில் கழுகு செய்த வேலையின் பெரும்பங்கைப் பருந்து ஏற்றுக்கொண்டிருந்தது.

அந்தப் பருந்துகளைப் பற்றியதே ஷௌனக் சென் இயக்கி 2022இல் வெளிவந்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்'. 'மூச்சுவிடும் அனைத்தும்' என்று தமிழில் சொல்லலாம். சன்டான்ஸ் விழாவில் உலக ஆவணப்படத்துக்கான நடுவர் பெரும்பரிசும், அதே ஆண்டு கான் விழாவில் ஆவணப்படங்களுக்குரிய பொற்கண் விருதும் பெற்றது; 2023இல் ஆஸ்கார் இறுதிப் பட்டியலிலும் இடம் பெற்றது. விருதுகளைச் சொன்னது, அவற்றுக்காகப் பாருங்கள் என்பதற்கன்று. தேடிக் கண்டுபிடிக்க உதவும் என்பதற்காக.

நதீம் ஷெஹ்ஸாத், முஹம்மத் சஊத் என இரு சகோதரர்கள். வட தில்லியில் வஸீராபாத் பகுதியில் ஒரு நிலவறை. அங்கே பிழைப்புக்காகச் சோப்புத் திரவக் குடுவைகள் செய்கிறார்கள். அதே அறையில், பட்டம் விடும் மாஞ்சா நூலால் சிறகு அறுபட்டு விழுந்த பருந்துகளுக்கு வைத்தியமும் செய்கிறார்கள். சிறு வயதில் அடிபட்ட பருந்து ஒன்றை எடுத்துச் சென்றபோது, ஊன் உண்ணும் பறவை என்று ஒரு பறவை மருத்துவமனை ஏற்க மறுத்தது. இருவரும் உடற்பயிற்சிப் பித்தர்களாக இருந்தவர்கள். தசை எது, நரம்பு எது என்பதை அந்தப் பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். அந்த அறிவைக் கொண்டே கட்டுப்போடத் தொடங்கினார்கள். இருபது ஆண்டுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பருந்துகள் அவர்கள் கையில் வந்தன.

தில்லி முஸ்லிம்களிடம் பருந்துக்கு இறைச்சித் துண்டுகளை வானில் எறியும் வழக்கம் உண்டு. அதனால் நன்மை சேரும், துன்பம் விலகும் என்பது நம்பிக்கை. இதற்கு மார்க்க ஆதாரம் உண்டா என்று ஆலிம்கள் கேட்கட்டும். படம் அந்த விவாதத்துக்குள் செல்வதில்லை. சகோதரர்களின் தாயார் அவர்கள் மனத்தில் விதைத்தது ஒன்றைத்தான் அது பற்றிக்கொள்கிறது: மூச்சுவிடும் உயிர்களுக்குள் பாகுபாடு செய்யலாகாது. அப்பெண்மணியின் அந்தச் சொல்லே படத்தின் பெயராயிற்று.

படம் தரையிலிருந்து தொடங்குகிறது. இரவு, நகரத்தின் ஒரு வெற்றிடம், மண்ணோடு மண்ணாகத் தாழ்ந்து நகரும் கேமராவின் முன்னே எலிகள், எலிகள், மேலும் எலிகள். பின்னணியில் வண்டிகளின் விளக்குகள். மாலின் கழுகுக் காட்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கேயே காணலாம். இவர் எலியைச் சின்னமாக்கவில்லை. அதுவும் அந்நகரத்தின் குடிமக்களுள் ஒன்று என்பதுபோல நிதானமாகப் பார்க்கிறார். பெஞ்சமின் பெர்னார்டு உள்ளிட்டோரின் ஒளிப்பதிவு அவ்வளவு பொறுமையுடையது.

பொறுமையோடு நகைச்சுவையும் இருக்கிறது. சகோதரர்களுக்கு உதவியாக இருக்கும் ஸாலிக் என்னும் இளைஞர் மாடியில் நிற்கையில் பருந்து ஒன்று பாய்ந்து அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறது. என் பேரப் பிள்ளைகள் அந்த இடத்தை மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார்கள். இறைச்சி அரைக்கும் இயந்திரம் பழுதாகிறது; மின்சாரம் போகிறது; உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வருகிறது. நன்மை செய்வோரின் நாட்கள் பெரும்பாலும் இப்படித்தான் கழிகின்றன என்பதை இப்படம் மறைப்பதில்லை. அண்ணன் தம்பிக்குள் சலிப்பும் உரசலும் எழுவதையும் மறைப்பதில்லை. அவர்களை அவுலியாக்களாக ஆக்கியிருந்தால் நான் பாதியில் எழுந்திருப்பேன், என் தந்தையாரைப்போல.

படப்பிடிப்பு நடந்த காலம் எளிய காலம் அன்று. 2019இன் இறுதியில் குடியுரிமைத் திருத்தச் சட்டம், அதையொட்டிய போராட்டங்கள், 2020 பிப்ரவரியில் வடகிழக்குத் தில்லியில் 53 உயிர்களைக் குடித்த கலவரம், இறந்தவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இவை எதுவும் படத்தின் நடுவில் வருவதில்லை. தெருவிலிருந்து வரும் ஒலியாக, தொலைபேசியில் வரும் செய்தியாக, வீட்டார் குரல் தாழ்த்திப் பேசும் பேச்சாக ஓரத்தில் வந்து போகின்றன. இந்த அடக்கத்தைக் கோழைத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. அச்சத்தின் நடுவே குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன? சோறு ஆக்குகின்றன, பிள்ளைகளைக் குளிப்பாட்டுகின்றன, பருந்துக்குக் கட்டுப்போடுகின்றன. முழக்கமிடும் படத்தைவிட இது நம் நெஞ்சில் ஆழமாக இறங்குகிறது.

குறை இல்லாமல் இல்லை. சகோதரர்கள் பின்னணியில் பேசும் சில வாசகங்கள் எழுதிப் படித்தவைபோல் ஒலிக்கின்றன. பழமொழி கேட்ட அலுப்பு தட்டுகிறது. குப்பையும் சேறும்கூட அழகு குலையாமல் மின்னுவது ஓரிடத்தில் உறுத்துகிறது. வீட்டுப் பெண்கள் வாயில்நிலையருகே வந்து வந்து மறைகிறார்கள். அந்த நிலவறைக்குக் கணக்குப் பார்த்த மனைவியர் என்ன எண்ணினார்கள் என்பதை அறிய எனக்கு ஆவலாக இருந்தது, படம் சொல்லவில்லை.

வீட்டுத்திரையில் காண்போர் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு அமரலாம். காயமும் குருதியும் சிறிது உண்டு. கண்ட பின், நம் மாடிகளில் பட்டம் விடும் பையன்களின் கையிலுள்ள நூலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். செயற்கை மாஞ்சாவை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்தது, விற்பனை மட்டும் நின்றபாடில்லை.

அதே 2023 ஆஸ்கார் விழாவில் குறும் ஆவணப்பட விருதை வென்றது நம் பக்கத்து முதுமலைப் படம்: கார்த்திகி கோன்சால்வஸ் இயக்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்'. தெப்பக்காட்டு முகாமில் அநாதை யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரின் கதை. நாற்பது நிமிடம், குழந்தைகள் மகிழ்வார்கள். தமிழ் பேசும் காட்டுநாயக்கர் குடும்பம் ஒன்றை உலகம் கண்டது என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் இசையும் பொன்னிற ஒளியும் சேர்ந்து எல்லாவற்றையும் இனிப்பாக்கிவிட்டன. சர்க்கரைப் பொங்கலை மூன்று வேளையும் உண்ண இயலாது.

இனி, நம்மை இன்னும் நெருங்கித் தொடும் படம். இது புதிதன்று, 2011இல் வந்தது. நம்முள் பலர் பார்க்காததால் புதிதே. தீபா தன்ராஜ் இயக்கிய 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்', அதாவது நீதியை அழைத்தல். புதுக்கோட்டையை இருப்பிடமாகக் கொண்டு தாவூத் ஷரீபா கானம் முன்னின்று உருவாக்கிய தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைப் பற்றியது. தீபா தன்ராஜ் புதியவர் அல்லர்; ஐதராபாத் வகுப்புக் கலவரத்தைப் பற்றி 1986இலும், கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டின் கொடுமையைப் பற்றி 1991இலும் படங்கள் எடுத்தவர். அவரை நம் பகைவர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

படத்தின் அடிப்படைக் கேள்வி எளிது. மணவிலக்கு, மஹர், ஜீவனாம்சம், அடி உதை ஆகிய வழக்குகள் பள்ளிவாசல் ஜமாஅத்தில் பேசித் தீர்க்கப்படுகின்றன. யாருடைய வாழ்வு அங்கே அறுக்கப்படுகிறதோ அந்தப் பெண் பல ஊர்களில் அந்த அவையில் இருப்பதில்லை. அவளுக்காக அவள் தந்தையோ உடன்பிறந்தானோ பேசுகிறான். 2004இல் பெண்கள் தமக்கென ஓர் அவையை அமைத்தார்கள். படம் வெளிவந்த காலத்தில் அது பன்னிரண்டு மாவட்டங்களில் பன்னிரண்டாயிரம் உறுப்பினர்களைக் கொண்டிருந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைத் தீர்த்திருந்தது.

இப்படத்தில் அழகிய ஒளிப்பதிவைத் தேடவேண்டா. பேச்சுத்தான் படம். அழுகை இருக்கிறது, அதைவிட அதிகமாக வாதம் இருக்கிறது. மார்க்கத்துக்கு வெளியே நின்று அப்பெண்கள் நீதி கேட்கவில்லை; மார்க்கம் தமக்குக் கொடுத்ததை மனிதர் தர மறுப்பதேன் என்று கேட்கிறார்கள். அதுவும் நம் அடுக்களைகளில் கேட்கும் தமிழிலேயே. ஜமாஅத்தார் தரப்புக்கு இன்னும் விரிவாக இடம் கொடுத்திருக்கலாம் என்று நம்மவர் சிலர் குறைகூறுவர். அக்குறையை நான் மறுக்கவில்லை. ஊர்தோறும் நேர்மையான முத்தவல்லிகள் இருக்கிறார்கள், நானும் அறிவேன். ஆயினும் அவர்கள் பேசுவதற்கு மேடை முன்பே இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

தில்லிச் சகோதரர்களைக் கண்டு பெருமிதம் கொள்வது நமக்கு எளிது. உலகம் நம்மவரைப் புகழும்போது யார்தான் முகம் திருப்புவர்? புதுக்கோட்டைப் படத்தை வீட்டில் போட்டபோது கூடத்தில் இருந்த ஆண்களில் இருவர் ஒவ்வொரு காரணம் சொல்லி வெளியே போனார்கள். என் தாயார் மட்டும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். முடிந்த பிறகு, "உன் பெரியம்மா மகள் விவகாரத்தில் நாங்களெல்லாம் சமையற்கட்டில்தானே உட்கார்ந்திருந்தோம்" என்றார். நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய அந்த விவகாரத்தை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 2017இல் உச்ச நீதிமன்றம் முத்தலாக்கைச் செல்லாததாக்கியதும், 2019இல் நாடாளுமன்றம் அதைக் குற்றமாக்கியதும் நாம் அறிந்தவையே. அச்சட்டத்தைக் குறித்து நம் கருத்து எதுவாயினும், சட்டம் வருமுன்பே நம் பெண்கள் கேட்ட கேள்வி இப்படத்தில் பதிவாகியிருக்கிறது.

பாலஸ்தீனத்தைப் பற்றி நீண்டு எழுத வேண்டியதில்லை; நாள்தோறும் காண்கிறோம். 'நோ அதர் லேண்ட்' மட்டும் தவறவிடலாகாத படம். மேற்குக்கரையின் மஸாஃபர் யத்தா சிற்றூர்களில் வீடுகளும் பள்ளிக்கூடமும் இடிக்கப்படுவதை, அவ்வூர் இளைஞர் பாஸில் அத்ராவும் இஸ்ரேலியப் பத்திரிகையாளர் யுவல் ஆபிரகாமும் மற்றிருவரும் சேர்ந்து எடுத்தார்கள். 2024இல் பெர்லின் விருதும், 2025 மார்ச்சில் ஆஸ்காரும் பெற்றது. ஆஸ்கார் பெற்ற அதே மாதத்தில் இயக்குநருள் ஒருவரான ஹம்தான் பலால் தாக்கப்பட்டுச் சிறைபிடிக்கப்பட்டார். படத்துக்கு உதவிய அவ்தா ஹதலீன் 2025 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கேமரா அங்கே பலமுறை நடுங்குகிறது; எடுத்தவர் ஓடிக்கொண்டே எடுக்கிறார். படத்தின் நெஞ்சு அந்த இளைஞர் இருவரின் நட்பு: ஒருவர் இரவில் காரோட்டி வீடு திரும்பலாம், மற்றவர் திரும்ப இயலாது.

இவற்றை எங்கே காண்பது? கொட்டகைக்கு ஆவணப்படம் வருவது அரிது. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். விழாக்களுக்கு அரசு விலக்களிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். 2017இல் திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவில் மூன்று படங்களுக்கு அவ்விலக்கு மறுக்கப்பட்டது. மும்பையில் 1990 முதலும் திருவனந்தபுரத்தில் 2008 முதலும் விழாக்கள் நடந்துவருகின்றன. தமிழ்நாட்டில் அமுதன் முன்னின்று நடத்தும் மறுபக்கம் அமைப்பு மதுரையில் 1998இலிருந்து அப்பணியைச் செய்துவருகிறது. நம் புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் அரங்கிலும் திரைப்படக் கழகங்களின் காட்சிகளிலும் அவ்வப்போது வாய்ப்புக் கிட்டும். அங்கே நம்மவர் முகங்களைக் காண்பது குறைவு. எஞ்சியது இணையவழி வீட்டுத்திரை. தந்தையார் இருந்திருந்தால் அதில் எழுந்துபோகும் சிரமமும் இராது.

கடைசியாக, நம் ஊர்ப் படம் ஒன்று. பங்கஜ் ரிஷி குமார் 2018இல் எடுத்த 'டூ ஃபிளாக்ஸ்', இரண்டு கொடிகள். 2017 பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரித் தமிழரைப் பின்தொடர்கிறது. 1954 நவம்பர் முதல் நாளில் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி முழுமையானபோது, சில ஆயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் 'சொல்தா' என்று அழைக்கும் ஓய்வூதியக்காரர்களின் குடும்பங்கள் பல அவர்களுள் அடங்கும். பாரிசில் யார் ஆளவேண்டும் என்று தமிழில் வாக்குக் கேட்கும் விந்தையை வேறெந்த ஊரில் காண இயலும்? வெளியிலிருந்து வருவோர் எல்லாம் மஞ்சள் சுவர்களையும் கடற்கரையையும் எடுத்துக்கொண்டு போகையில், இவர் இவ்வூர் மனிதரின் மனச்சிக்கலைத் தேடியிருக்கிறார். அதற்காகவே நன்றி சொல்லலாம்.

எனினும் அந்தக் கதையின் நம் பங்கு இன்னும் வெளியே கிடக்கிறது. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் எத்தனை முஸ்லிம்கள் பிரெஞ்சு இந்தோசீனாவுக்குக் கப்பலேறினார்கள்! சைகோன் நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. துணிக்கடை வைத்தவர், வட்டி வாங்காமல் கைமாற்றுக் கொடுத்தவர், அங்கே மணந்து குடும்பத்தோடு திரும்பியவர் என்று நம் முதியோர் வாய்மொழியில் அது ஒரு காப்பியம். அதைச் சொல்லும் ஆவணப்படம் ஒன்றை நான் இன்னும் பார்த்ததில்லை. இளைஞர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கேமரா இருக்கும் காலம் இது. திருமண விருந்தையும் பிரியாணி அண்டாவையும் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பெரியவரின் பேச்சை எடுப்பது கடினமன்று. எங்கள் வீதியில் ஒருவர் இருக்கிறார். சைகோன் பள்ளிவாசலின் ஹவுளருகே சிறுவனாக நின்று எடுத்த புகைப்படம் அவர் தலைமாட்டில் இருக்கிறது. வியட்நாம் மொழியில் இன்னும் நூறு வரை எண்ணுவார். அவருக்கு இப்போது தொண்ணூற்றிரண்டு வயது. மாலை அஸருக்குப் பின் திண்ணையில் இருப்பார்.